தெருக்குழாயும் கூடத்துக்குழாயும்

ஆடி பிறந்துவிட்டால் ஆரணியில் யாரும் அலாரம் வைப்பதில்லை. படவேட்டு ரேணுகாம்பாளுக்குப் போகிறவர்கள் ஒருபக்கம், தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுகிறவர்கள் ஒருபக்கம். விடிவதற்குள் ஏதோ ஒரு புளியமரத்தில் கட்டிய குழாய் பாட ஆரம்பித்துவிடும். அந்தக் குழாய்களைக் கட்டியே முப்பது வருஷம் பிழைத்தவர் என் பெரியப்பா. எங்கள் பக்கம் அந்தத் தொழிலுக்கு ‘ரேடியோ செட்’ என்று பெயர். ரேடியோவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ‘சவுண்ட் சர்வீஸ்’ என்று போர்டு எழுதிக்கொண்டதெல்லாம் பிற்பாடு.

அந்த வீட்டில் வளர்ந்த நான், பாட்டுக் கேட்பதற்காகக் கூடத்தில் ஹார்ன் ஸ்பீக்கர் செய்து வைக்கப்போகிறேன் என்றதும் அம்மா கேட்டாள்: “இன்னாடா, வூட்டுக்குள்ள குழா கட்டப் போறியா? யாருக்குக் கல்யாணம்?”

கேள்வி நியாயமானது. குழாய் என்றால் இரைச்சல் என்பதுதான் ஊர் அறிந்தது. ஆனால் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் சங்கீதப் பித்தர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளத் தேடி அலைவதும் குழாயைத்தான். இரண்டும் ஒரே வித்தை. பெரியப்பாவின் அலுமினியக் குழாய் ஒன்றையும் என் மரக் குழாயையும் நாலைந்து மாதம் ஒரே வீட்டில் வைத்துப் பார்த்ததில், ஒன்றுக்குக் கெட்ட பெயரும் இன்னொன்றுக்கு நல்ல பெயரும் வாங்கிக் கொடுத்தது கேட்கிறவன் நிற்கும் தூரம் என்றுதான் எனக்குப் படுகிறது.

முதலில் வித்தையைப் பார்த்துவிடலாம். வெறுங்கையைக் காற்றில் வீசுங்கள், ஒன்றும் அசையாது. அதே கையில் முறத்தைப் பிடித்து வீசுங்கள்; களத்தில் பதர் பறக்கும். கைக்குப் பலம் கூடவில்லை, காற்றைப் பிடிக்க அகலம் கிடைத்தது. ஒலிபெருக்கியில் அதிரும் சவ்வு அந்த வெறுங்கை மாதிரி. காற்று அதற்கு எதிர்ப்பே தருவதில்லை. சாதாரண வீட்டு ஸ்பீக்கருக்குள் போகும் மின்சாரத்தில் ஒலியாக வெளிவருவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சம் காயிலைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. சவ்வுக்கு முன்னால் குறுகிய வாயில் தொடங்கிச் சிறுகச் சிறுக விரியும் ஒரு குழாயை வைத்தால், உள்ளே இருக்கும் காற்று சவ்வுக்குப் பிடிமானம் கொடுக்கிறது. வெளியே வரும் ஒலி பத்து மடங்கும் அதற்கு மேலும் கூடுகிறது. நம் ஆட்களுக்கு இது புதிதல்ல. நாகஸ்வரத்தில் சீவாளி சவ்வு, உலவு குழாய், அணசு வாய். எங்கள் ஆரணி, செய்யாறு பக்கத்துக் கூத்தில் ஊதும் முகவீணை அதன் தங்கச்சி. மைக் இல்லாத காலத்தில் ராத்திரி முழுக்க ஒரு கிராமத்துக்கே கேட்டது அதனால்தான்.

இனி பெரியப்பாவின் குழாய். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றரை அடி நீளம்தான். உள்ளே ஒலி நடக்கும் தூரம் அதைவிட வெகு அதிகம். பின்னால் திருகிய, சவ்வும் காயிலும் அடங்கிய யூனிட்டிலிருந்து கிளம்பும் ஒலி நடுக்குழல் வழியே முன்னால் வந்து, ஒரு கிண்ணத்தில் முட்டித் திரும்பிப் பின்னால் போய், மறுபடி திரும்பிப் பெரிய வாய் வழியே வெளியேறுகிறது. சேலையை மடிப்பதுபோல் குழாயை மடித்திருக்கிறார்கள். யூனிட் உள்ளே ஒதுங்கி இருப்பதால் மழைத்தண்ணீர் சவ்வுக்குப் போகாது. தோளில் போட்டுக்கொண்டு மரம் ஏறலாம். தெருவுக்குச் செய்த சாமானில் இந்த இரண்டு குணமும் இல்லாவிட்டால் வேறு எது இருந்தும் பிரயோஜனமில்லை.

விலை எங்கே கொடுக்கிறோம் என்றால், கீழ் ஸ்தாயியில். ஒரு குழாய் எவ்வளவு தாழ்ந்த ஒலிவரை பிடிமானம் தரும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: வாயின் சுற்றளவு ஒலியின் அலைநீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். பெரியப்பாவின் குழாய் வாய் 50 செ.மீ. விட்டம். சுற்றளவு 157 செ.மீ. ஒலி நொடிக்கு 344 மீட்டர் ஓடுகிறது என்று வைத்தால், 220 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்தக் குழாய் கைவிட்டுவிடும். கச்சேரியைப் போட்டுப் பாருங்கள். மிருதங்கத்தின் வலந்தலை பளிச்சென்று கேட்கும், தொப்பி எங்கோ தலையணைக்குள் தட்டுகிற மாதிரி இருக்கும். நாகஸ்வரத்துக்கு அந்தச் சங்கடம் இல்லை. இரண்டு கட்டை சுருதி என்றால் ஆதார ஸட்ஜமே ஏறத்தாழ 294 ஹெர்ட்ஸ். குழாயின் எல்லைக்கு மேலேதான் வித்துவானின் வேலை பெரும்பாலும் நடக்கிறது. கல்யாண வீட்டில் குழாயில் நாகஸ்வர ரெக்கார்டு போட்டால் ஏன் அவ்வளவு பொருத்தமாக இருந்தது என்று இப்போதுதான் புரிகிறது. குழாய் குழாயோடு சேர்ந்துகொண்டது.

ஆண் குரலின் அடித்தளம் 100, 150 ஹெர்ட்ஸில் இருக்கிறதே, அது எப்படிக் கேட்கிறது? காது செய்யும் உபகாரம். மேலே உள்ள அனுசுரங்களைக் கேட்டதும், கீழே விட்டுப்போன ஒன்றை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. பொதுக்கூட்டத்தில் பேசியவர்களின் கம்பீரத்தில் பாதியை நாமே போட்டுக்கொண்டோம் என்றுகூடச் சொல்லலாம்.

தெருக்குழாயின் பெருமையும் வம்பும் தூரத்தில் இருக்கிறது. நல்ல குழாய் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 110 டெசிபல் கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 30 வாட் கொடுத்தால் 125. தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும். 100 மீட்டரில் 85 டெசிபல். குறுக்கே சுவரும் மரமும் காற்றும் வராவிட்டால் மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலும் 55 இருக்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் அனுமதிக்கும் அளவே 55தான், இரவில் 45. விடியற்காலையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேற்காற்று கொஞ்சம் சூடாகவும் இருப்பதால், மேலே போக வேண்டிய ஒலி வளைந்து தரைக்கே திரும்புகிறது. மார்கழியில் பக்கத்து ஊர்க் கோயில் பாட்டு நம் வீட்டுத் திண்ணையில் பாடுவதுபோல் கேட்பது பக்தியால் மட்டும் அல்ல.

இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதும் அதே விதிதான். இப்போதெல்லாம் திருவிழாவுக்குப் போலீஸ் அனுமதி வாங்கப் போனால் ‘கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவம் மட்டும்’ என்கிறார்கள். சரி, பெட்டி வந்தது. ஆளுயரத்துக்கு அடுக்குகிறார்கள். குழாய் மூன்று ஊருக்குக் கேட்டது. பெட்டி நம் தெருவில் மட்டும் கேட்கிறது, ஆனால் தறியில் இருக்கிறவன் நெஞ்சுக்கூட்டில் கேட்கிறது. கீழ் ஸ்தாயி சுவருக்குக் கட்டுப்படாது. இரண்டில் எது பரவாயில்லை என்று என்னைக் கேட்டால், எட்டு மணிக்கு நிறுத்துகிற எதுவும் பரவாயில்லை.

கூடத்துக்குழாயின் வம்சம் வேறு வழியாக வந்தது. இரண்டுக்கும் பாட்டன் ஒருவன்தான்: 1915இல் கலிபோர்னியாவில் ஜென்சனும் பிரிதமும் அதிரும் யூனிட்டில் கிராமபோன் கொம்பை மாட்டி ஊருக்குக் கேட்க வைத்தார்களே, அது. அங்கிருந்து ஒரு கிளை கூட்டமேடைக்குப் போனது. 1930களில் நம் காங்கிரஸ் கூட்டங்களுக்கு நானிக் மோத்வானியின் சிகாகோ ரேடியோ கட்டிய குழாய்கள் அந்தக் கிளை. இன்னொரு கிளை சினிமாக் கொட்டகைக்குள் போனது. 1926இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனி பேசும் படத்துக்காக 555 என்ற யூனிட்டைக் கொண்டுவந்தது. அன்றைய ஆம்ப்ளிஃபயருக்குப் பத்துப் பன்னிரண்டு வாட் இருந்தாலே பெரிது. அதை வைத்து ஆயிரம் பேருக்குக் கேட்க வைக்கப் பெரிய குழாயை விட்டால் வழி இல்லை.

நம் டூரிங் டாக்கீஸில் இந்த இரண்டு கிளையும் சில கெஜ இடைவெளியில் இருந்தன. கூரைமேல் ஒரு குழாய், ‘டிக்கெட் கொடுக்கப் போகிறோம்’ என்பதற்கு அடையாளமாகச் சாமி பாட்டு போட. உள்ளே திரைக்குப் பின்னால் பேச்சுக்கும் பாட்டுக்கும் இன்னொரு ஸ்பீக்கர். பெரிய ஊர்த் தியேட்டர்களில் அது ஆளை விழுங்குகிற ஹார்னாக இருந்தது. கூரைக்குழாய் வயல்வெளியில் இருப்பவனைக் கூப்பிட்டது. திரைக்குழாய் உள்ளே வந்து உட்கார்ந்தவனிடம் பேசியது. தியேட்டர்கள் சாமான் மாற்றியபோது வெளியே வந்த பழைய திரைக்குழாய்களைத்தான் உலகமெங்கும் பித்தர்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கென்றே செய்தவர்களும் உண்டு. லண்டனில் பால் வாய்ட் 1920களிலேயே ‘டிராக்ட்ரிக்ஸ்’ வளைவில் குழாய் செய்தார். அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் 1940களில் அறையின் மூலையையே குழாயின் வாயாக்கினார்.

நான் எடுத்துக்கொண்டது வாய்ட்டின் வளைவு. கணக்குத் தெரியாதவர்களுக்கு எங்கள் தெருவில் வைத்தே விளக்கலாம். காலையில் பாவு நீட்டும் தெரு, நேர்கோடு. அதன்மேல் நீங்கள் நடக்கிறீர்கள். கையில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் கல். ஆரம்பத்தில் கல் உங்களுக்கு நேர் பக்கவாட்டில், தெருவோரத்தில் கிடக்கிறது. நீங்கள் நேராக நடக்க நடக்க, கல் மண்ணில் ஒரு கோடு இழுத்துக்கொண்டே உங்கள் பாதையை நெருங்கி வரும். அந்தக் கோடுதான் குழாயின் சுவர். கயிற்றின் நீளம் வாயின் ஆரம்.

300 ஹெர்ட்ஸுக்குப் போட்டேன். வாய் 36.5 செ.மீ. விட்டம், ஒரு அங்குல வாயுள்ள யூனிட்டிலிருந்து நீளம் 43 செ.மீ. மடிப்பு கிடையாது, நேர்க்குழாய். மடித்தால் இடம் மிச்சம், ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் மேல் ஸ்தாயி கொஞ்சம் சிதறும். தெருவில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று மீட்டரில் உட்கார்ந்து வீணையின் கமகத்தைக் கேட்கிறவன் பொறுக்கமாட்டான்.

18 மி.மீ. பிளைவுட்டில் 24 வளையங்கள் அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு அடுக்கி, உள்ளே படிக்கட்டாக நிற்பதைத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். வளைவை வெட்டிச் சரிபார்க்கும் அச்சுக்கு, அப்பாவின் ஜக்கார்டு பெட்டியிலிருந்து கழித்துப் போட்ட பழைய அட்டைகளை ஒட்டிக்கொண்டேன். நல்ல விறைப்பு. ஏதோ ஒரு சேலைக் கரையின் மாங்காய் அந்த ஓட்டைகளில் இன்னும் இருந்திருக்கும். ஆசாரி முதல் நாள் சிரித்தார். யூனிட் பக்கம் முதல் 12 செ.மீ.யில் குழாய் இரண்டரை செ.மீ.யிலிருந்து ஐந்துதான் ஆகிறது, “இது என்ன, விரியவே மாட்டேங்குது?” என்றார். வாய்ப்பக்கம் கடைசி 7 செ.மீ.யில் 20லிருந்து 36.5க்கு ஊமத்தம்பூ மாதிரி மலர்ந்துவிடுகிறது. அங்கே பேச்சு நின்றுபோனது. வாய் இப்படி முழுக்க மடங்கித் திறந்தால்தான் ஒலி விளிம்பில் இடறாமல் அறைக்குள் இறங்கும். பெரியப்பாவின் குழாயில் விளிம்பு சட்டென்று வெட்டுப்பட்டு நிற்கும். அதன் ‘குழாய்ச் சத்தம்’ என்கிற மூக்கடைப்பில் ஒரு பங்கு அந்த வெட்டுக்கும் உண்டு.

இனி கீழ் ஸ்தாயி. இங்கேதான் வீட்டுக்குழாய்க்காரர்களுக்குப் பித்து முற்றுகிறது. 50 ஹெர்ட்ஸ்வரை குழாயிலேயே இறங்க வேண்டுமானால் வாய் 2.2 மீட்டர் விட்டம் வேண்டும். கூடத்தின் கதவைவிடப் பெரிது. மூன்று பரப்புகள் கூடும் மூலையில் வைத்தால் சுவர்களும் தரையும் குழாயின் தொடர்ச்சியாகி, எட்டில் ஒரு பங்கு வாய் போதும்; 70 செ.மீ. சதுரம். கிளிப்ஷின் சூட்சுமம் இதுதான். எங்கள் வீட்டில் இதற்கு எதிரி வாஸ்து. இரண்டு ஸ்பீக்கருக்கு ஒரே சுவரின் இரண்டு மூலை வேண்டும். எந்தச் சுவரை எடுத்தாலும் ஒரு மூலை பஞ்சாயத்துக்கு வந்தது. ஈசான மூலையில் பாரம் கூடாது, இன்னொன்றில் பீரோ.

தறிக்குழி ஒன்று சும்மா கிடந்தது. அப்பா தறியை விட்டபின் பலகை போட்டு மூடியிருந்தோம். ஜப்பானில் சிலர் தரைக்கடியில் கான்கிரீட்டில் குழாய் கட்டிய படங்களைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்தக் குழிமேல் கண். கணக்குப் போட்டேன். நீளத்துக்குப் பஞ்சமில்லை, 300 சதுர செ.மீ.யில் தொடங்கி ஒவ்வொரு 38 செ.மீ.க்கும் பரப்பை இரட்டித்தால் ஒன்றரை மீட்டரில் முடிந்துவிடும், குழிக்குள் மடித்துவிடலாம். ஆனால் குழி மூலையில் இல்லை, வெளிச்சத்துக்காக ஜன்னலுக்கு எதிரே, கூடத்து நடுவில் வெட்டியிருந்தார் தாத்தா. தரை மட்டும் துணை என்றால் எட்டில் ஒன்று போதாது, பாதி வேண்டும்: கிட்டத்தட்ட 1.9 சதுர மீட்டர் வாய். ஒரு கயிற்றுக் கட்டில் அளவு ஓட்டை. குழியை மறுபடி மூடிவிட்டு, 15 அங்குலக் காகிதக் கூம்பு ஸ்பீக்கரை ஒரு பெட்டியில் வைத்து, 900 ஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் மரக்குழாய் பாடட்டும் என்று விட்டேன். உலகத்தில் முக்கால்வாசி பேர் இப்படித்தான் சமாதானம் செய்துகொள்கிறார்கள்.

பெரியப்பா இதையெல்லாம் திண்ணையிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் முதல் தகராறு வாட்டில் வந்தது. கூம்பு ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு 97 டெசிபல், குழாய் 107. சமப்படுத்த வேண்டும் என்று குழாய்க்கு முன்னால் ரெசிஸ்டர் போட்டு 10 டெசிபல் குறைத்தேன். 10 டெசிபல் என்றால் வரும் சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூறைச் சூடாக வீணடிப்பது. “குழாய் கட்டுறதே சத்தம் கூட வரதுக்கு. நீ அதைக் கட்டிட்டு, வர சத்தத்தைத் தொண்டையில புடிக்கிற” என்றார். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தெருவில் ஆம்ப்ளிஃபயரின் கடைசி வாட்டில் வேலை நடக்கிறது. வீட்டில் முதல் வாட்டில். மூன்று மீட்டரில் உட்கார்ந்தால் அரை வாட்டுக்கே 85 டெசிபல் கிட்ட வருகிறது. அந்த அரை வாட்டில் ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு சுத்தமோ அவ்வளவுதான் பாட்டு. வால்வு வைத்து எட்டு வாட் மட்டும் தரும் ஆம்ப்ளிஃபயரைச் சிலர் கொண்டாடுவது இதனால்தான். ரெசிஸ்டர் இன்னொரு காரியமும் செய்கிறது: ஆம்ப்ளிஃபயரின் ‘உஸ்’ஸையும் சேர்த்து அடக்குகிறது. தெருவில் அந்த ‘உஸ்’ யாருக்கும் கேட்காது. கூடத்தில் பாட்டுக்கு முன்னால் அதுதான் கேட்கும். நூல் சுற்றும் மோட்டார் பக்கத்து வீட்டில் ஓடும்போது என் குழாய் அதையும் கொஞ்சம் பாடியது. எர்த் ஒயரைச் சரிபண்ண இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

தகராறில் எனக்குத் தெரியாமலே ஒரு உறவும் வெளிவந்தது. ரேடியோ செட் வேலையில் பெரியப்பா ஆம்ப்ளிஃபயரின் பாஸ் திருகை எப்போதும் இடது கோடிக்குத் திருப்பி வைத்திருப்பார். “பாஸ் ஏத்துங்க” என்று இளவட்டங்கள் கேட்டால் காது கேளாதவர்போல் இருப்பார். யூனிட் போய்விடும் என்பார், அவ்வளவுதான். காரணம் நேரானது. எல்லைக்குக் கீழே குழாய் பிடிமானம் தருவதில்லை. முறம் நழுவிய கைபோல் சவ்வு வீசியடித்துக் காயிலோடு கிழியும். நான் என் 8 ஓம் யூனிட்டுக்கு வரிசையில் 22 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டிருப்பதும் அதற்குத்தான். 900 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதை அது தடுக்கிறது. அவர் விரலில் இருந்தது என் சர்க்யூட்டில் இருக்கிறது.

நேரக்கணக்கிலும் அப்படியே. தெரு நீள ஆறு குழாய் கட்டினால், 34 மீட்டருக்கு அப்பால் உள்ள குழாயின் பாட்டு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தி வரும். ஒரே சொல் இரண்டு முறை காதில் விழும். பெரியப்பா குழாய்களை எதிரெதிரே பார்க்க வைக்கமாட்டார், எல்லாவற்றுக்கும் ஒரே திசையில் முகம் காட்டுவார். என் கூடத்தில் தூரம் 43 செ.மீ., பிந்துவது நொடியில் ஆயிரத்தில் ஒன்றேகால் பங்கு. அது இரட்டைச் சொல்லாகக் கேட்காது. தம்புரா மட்டும் எங்கோ ஒட்டாமல் நிற்கும். அடியில் இருந்த கூம்புப் பெட்டியை மரக்குழாயின் யூனிட்டுக்கு நேர் கீழே வரும்படி பின்னுக்குத் தள்ள வேண்டும். நான் டேப் வைத்து அளக்கப் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு “இன்னும் தள்ளு… தள்ளு… வந்துட்டே, இப்ப இரு” என்றார். அளந்தால் 41. அதை நான் மாற்றவில்லை.

ஒருநாள் சாமான்களை இடம் மாற்றிப் பார்த்தோம். அலுமினியக் குழாய் கூடத்துக்கு வந்தது. மரக்குழாய் மாடிக்குப் போனது. கூடத்தில் அலுமினியத்துக்குச் செய்தி அறிக்கையைக் கொஞ்சமாக வைத்துக் கொடுத்தேன். எதிர்பார்க்கவே இல்லை: பேச்சு அவ்வளவு தெளிவு, ‘ழ’கரமும் ‘ள’கரமும் தனித்தனி. இந்தக் குழாயை என்றைக்காவது யாராவது மெதுவாக வைத்துக் கேட்டிருக்கிறார்களா? பாட்டு வந்ததும் தொப்பி தொலைந்தது, வயலின் தகரமானது. மாடியில் மரக்குழாய் அதைவிட மோசம். கூடத்தில் நெஞ்சருகே நின்று பாடியவர் கைப்பிடிச் சுவரைத் தாண்டுவதற்குள் கரைந்துபோனார். சுவரும் கூரையும் இல்லாத இடத்தில் அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்ட பெண்மணி பாட்டு நின்றுவிட்டதா என்று கேட்டார், ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மேற்கே ஜவ்வாதுமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அதற்குள் பெரியப்பா அலுமினியத்தை அதன் இடத்துக்கே, மாடிக் கம்பத்துக்கு ஏற்றிவிட்டிருந்தார். முதல் தூற்றல் விழுந்ததும் நான் மரக்குழாயை வாரியணைத்துக்கொண்டு படியில் ஓடினேன். பிளைவுட் ஊறினால் 24 வளையமும் 24 பக்கம் போகும். இறக்கி வைத்துவிட்டு மற்றதற்காகத் திரும்ப ஏறினேன். பெரியப்பா பாதிப்படியில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

“அது இருக்கட்டும்டா” என்றார். “அது நனைஞ்சுகினே பாடும்.”